விக்டோரியா காலம் 1832-ஆ, 1837-ஆ? ஆங்கில இலக்கியக் காலகட்டங்களை எப்படித்தான் படிப்பது?

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் முதலாமாண்டு படிக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு வந்தவள் என்பதால் இலக்கிய வரலாறு எனக்கு முழுக்கப் புதுசு. மூன்று நோட்டு எழுதி நிரப்பியாகிவிட்டது. ஆனால் ஒரு புத்தகம் விக்டோரியா காலம் 1832-ல் தொடங்குகிறது என்கிறது, இன்னொன்று 1837 என்கிறது. ரொமான்டிக் காலத்துக்கு ஒருவர் 1798 போடுகிறார், ஒருவர் 1785, என் கைடில் 1789. எதை எழுதுவது?

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மாதிரித் தாளில் ஆசிரியர் பெயர் போடாமல் ஒரு கவிதையைக் கொடுத்து எந்தக் காலம் என்று கேட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், 14 வரி. சானட். உடனே "எலிசபெத் காலம்" என்று எழுதிவிட்டேன். விடை: வில்ஃப்ரெட் ஓவன், முதல் உலகப்போர். கவிதையில் பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கிக்கொண்டிருக்கின்றன, நான் வரியை மட்டும் எண்ணியிருக்கிறேன். சிரிக்காமல் வழி சொல்லுங்கள்.

தேர்வுப்புலி

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள் சிஸ்டர்.

ஆண்டு விஷயம் சுலபம். 1832 என்றால் நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் வந்த ஆண்டு, வால்டர் ஸ்காட் இறந்த ஆண்டு. 1837 விக்டோரியா அரியணை ஏறிய ஆண்டு. 1798 வொர்ட்ஸ்வொர்த்தும் கோலரிட்ஜும் சேர்ந்து போட்ட 'லிரிக்கல் பேலட்ஸ்' கவிதைத் தொகுப்பு வெளியான ஆண்டு. 1789 பிரெஞ்சுப் புரட்சி. உங்கள் பாடத்திட்டத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதில் உள்ளதை எழுதுங்கள். ஹட்சன் எழுதிய இலக்கிய வரலாறு என்றால் ஹட்சன். குழப்பிக்கொண்டால் மதிப்பெண் போய்விடும். நான் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித்) தேர்வுக்கு அப்படித்தான் படிக்கிறேன். சுவரில் ஒரு பெரிய சார்ட், காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, இரவு ஒரு தடவை.

நூலகப்பூனை

தேர்வுப்புலி சொன்ன ஆண்டுகள் சரி. ஆனால் அம்மா, உங்களைக் குழப்புவது ஆண்டுகள் இல்லை, அளவுகோல். துணிக்கடையில் ஒரு துணியை மீட்டரிலும் இன்னொன்றை முழத்திலும் அளந்து கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கின்றன இந்தப் பெயர்கள். 'எலிசபெத் காலம்' ஒரு ராணியின் பெயர். 'ரெஸ்டோரேஷன்' 1660-ல் மன்னராட்சி திரும்பி வந்த அரசியல் நிகழ்ச்சி. 'ரொமான்டிக்' ஒரு மனப்போக்கு. 'மாடர்ன்' வெறும் காலச்சொல். ஹட்சன் இன்னொரு வழியில் போய், கவிஞர் பெயரையே வைத்துவிடுகிறார்: ஷேக்ஸ்பியர் காலம், மில்டன் காலம், ட்ரைடன் காலம், போப் காலம் என்று. இப்படி வேறு வேறு கோலால் அளந்தால் எல்லைகள் எப்படிப் பொருந்தும்?

இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை பிறகு வந்தவர்கள் ஒட்டியவை. கீட்ஸ் 1821-ல், 25 வயதில், ரோமில் இறந்தபோது தான் ஒரு 'ரொமான்டிக் கவிஞன்' என்று அவருக்குத் தெரியாது.

ஜான் டன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1572-ல் பிறந்தவர். ஷேக்ஸ்பியரைவிட எட்டு வயதுதான் இளையவர். அவருடைய காதல் கவிதைகளில் பலவும் 1590-களில் கையெழுத்துப் படிகளாக நண்பர்களிடையே சுற்றியவை. அதாவது எலிசபெத் உயிரோடு இருந்த காலம். ஆனால் அச்சில் தொகுப்பாக வந்தது அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1633-ல். டன் வகைக் கவிஞர்களுக்கு 'மெட்டஃபிசிக்கல்' என்ற முத்திரை சாமுவேல் ஜான்சன் கையால் நிலைத்தது பதினெட்டாம் நூற்றாண்டில். அதனால் பாடப்புத்தகத்தில் இருவரும் தனித்தனி அத்தியாயம். ஒரே ஊரில், ஒரே ஆண்டுகளில் லண்டன் தெருக்களில் நடந்தவர்கள்!

ஹாப்கின்ஸ் இன்னும் மோசம். 1889-ல் இறந்த பாதிரியார், விக்டோரியா காலத்து ஆள்தான். ஆனால் நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் அவர் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டது 1918-ல். படித்தவர்கள் எல்லாரும் அடுத்த நூற்றாண்டுக்காரர்கள். அவரை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

பழைய ஆங்கிலக் காவியமான 'பியோவுல்ஃப்' கதையும் இதுதான். எந்த வரலாற்று நூலைத் திறந்தாலும் முதல் அத்தியாயம் அதுதான். 3182 வரி. ஆனால் அதன் ஒரே கையெழுத்துப் படி 1731-ல் ஒரு தீ விபத்தில் ஓரம் கருகிப் பிழைத்தது. முழுசாக முதலில் அச்சேறியது 1815-ல், அதுவும் இங்கிலாந்தில் இல்லை, கோபன்ஹேகனில். ஷேக்ஸ்பியரோ போப்போ அதைப் படித்து வளர்ந்தவர்கள் இல்லை. முதல் அத்தியாயம் கடைசியில்தான் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வழி என்ன என்றால், ஒரே ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு காலம் முழுக்க நடந்து பாருங்கள். உங்களைக் கவிழ்த்தது சானட்தானே? அதையே பிடியுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ரயிலடி

பியோவுல்ஃப் பெயர் வந்ததால் ஒரு குறுக்கீடு. பழைய ஆங்கிலக் கவிதையில் வரிக்கடை ஒலி ஒத்து வரும் இயைபு வழக்கமில்லை. மோனைதான் எல்லாம். ஒரு வரி நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், பாதிக்கு இரண்டு அழுத்தம். பின்பாதியின் முதல் அழுத்தம் எந்த ஒலியில் தொடங்குகிறதோ, முன்பாதியில் ஒன்றாவது அந்த ஒலியில் தொடங்கியாக வேண்டும். கடைசி அழுத்தம் மட்டும் சேராமல் தனியே நிற்கும்.

நம் யாப்பில் அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம் என்று உயிருக்கு வரிசை கட்டி மோனை பார்ப்போம். அவர்கள் அந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை, எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும். தமிழ் யாப்பு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி இங்கிலீஷ்காரர்களைவிடச் சுலபமாகப் பிடிபடும். வகுப்பில் இதை யாரும் சொல்லித் தராததுதான் எனக்கு வருத்தம். நான் படித்த கல்லூரியில் ஒருவர் இரண்டு ஆண்டும் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தார். ஒரு கவிதையைக்கூட வாய்விட்டு வாசித்ததில்லை.

தேர்வுப்புலி

எல்லாம் நன்றாக இருக்கிறது சார். ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், 'பெட்டி எல்லாம் பொய்' என்று கேட்டுவிட்டுப் பையன்கள் ஆண்டே படிக்காமல் போகிறார்கள். பெட்டி இல்லாமல் சில விஷயம் புரியவே புரியாது.

1642 செப்டம்பரில் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. திறந்தது 1660-ல். பதினெட்டு ஆண்டு. நடுவில் ஒரு தலைமுறை நடிகர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். திரும்பத் திறந்தபோது பெண் வேடத்தைப் பையன்கள் போடும் வழக்கம் போய், பெண்களே மேடை ஏறினார்கள். அதனால் எழுதப்பட்ட நாடகமே மாறியது. இந்த இரண்டு ஆண்டும் தெரியாதவனுக்கு ஷேக்ஸ்பியருக்கும், 1660-க்குப் பிறகு வந்த நாடகக்காரர் காங்கிரீவுக்கும் இடையில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' எலிசபெத் காலமா என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். எலிசபெத் இறந்து ஜேம்ஸ் மன்னர் 1603-லேயே வந்துவிட்டார், லியர் அரண்மனையில் நடந்தது 1606 டிசம்பரில். இதைக் கேட்டு மடக்கத்தான் தேர்வு வைக்கிறார்கள்.

நூலகப்பூனை

தேர்வுப்புலி, 1642-ஐ ஒப்புக்கொள்கிறேன். அது உண்மையான வெட்டு, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போன மாதிரி. எல்லா எல்லையும் அப்படி இல்லை என்பதுதான் என் கட்சி. 1798 டிசம்பர் 31 இரவு படுத்தவர்கள் மறுநாள் ரொமான்டிக்காக எழவில்லை.

இப்போது சானட்.

இத்தாலியில் பெட்ரார்க் எழுதிய வடிவத்தை எட்டாம் ஹென்றியின் அரசவையில் இருந்த தாமஸ் வயட் ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தார். இத்தாலியச் சானட்டில் முதல் எட்டு வரிக்கும் இரண்டே வரிக்கடை ஒலி, ஒவ்வொன்றுக்கும் நான்கு சொல் வேண்டும். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் அங்கே அது சுலபம். ஆங்கிலத்தில் சொல் கிடைக்காது, திண்டாட்டம். சர்ரே பிரபு அதைத் தளர்த்தி நான்கு, நான்கு, நான்கு, இரண்டு என்று பிரித்தார். ஏழு ஒலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொல் போதும். இதைத்தான் நாம் 'ஷேக்ஸ்பியர் சானட்' என்கிறோம், பாவம் சர்ரே. அவர் 1547-ல் தலை வெட்டப்பட்டார். இருவர் கவிதையும் பரவலாக வெளியே வந்தது 1557-ல், டாட்டல் என்ற அச்சுக்காரர் போட்ட தொகுப்பில். வயட்டும் இறந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது.

1591-ல் சிட்னியின் சானட் தொடர் அச்சுக்கு வந்ததும் ஊரெல்லாம் சானட் காய்ச்சல். 1595-ல் ஸ்பென்ஸர் 89. ஷேக்ஸ்பியரின் 154 வந்தது 1609-ல், காய்ச்சல் இறங்கிய பிறகு.

அவருடைய 73-ஆவதைப் படியுங்கள். முதல் நான்கு வரி இலை உதிர்ந்த மரம், அடுத்த நான்கு அந்தி, அடுத்த நான்கு அணையப்போகும் நெருப்பு. ஆண்டு, நாள், பிறகு ஒரு சில நிமிடம். நேரம் சுருங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். வடிவம் நான்கு நான்காக உடைந்திருப்பதால்தான் இதைச் செய்ய முடிகிறது. அதில் மொட்டைக் கிளைகளை, இடிந்துபோன தேவாலயப் பாடகர் இருக்கைகளோடு ஒப்பிடுவார். அவர் வளர்ந்த நாட்டில் அப்படி இடிந்த மடங்கள் நிறைய. ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டதன் மிச்சம். காலகட்டம் என்பது அத்தியாயத் தலைப்பில் மட்டும் இல்லை, இப்படி ஒரு வரிக்குள்ளும் உட்கார்ந்திருக்கும்.

டன் அதே வடிவத்தைக் காதலியிடமிருந்து எடுத்துக் கடவுளிடம் சண்டை போடப் பயன்படுத்தினார். மில்டன் அரசியலுக்கும் தன் கண்ணுக்கும்.

அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டு. போப்பிடம் போய்ச் சானட் தேடுங்கள், கிடைக்காது. ட்ரைடனிடமும் அப்படியே. அங்கே இரண்டிரண்டு வரியாகக் கடைசி ஒலி ஒத்து வரும் ஈரடிதான் ராஜா. ஒரு காலம் எதை எழுதவில்லை என்பதும் அந்தக் காலத்தைப் பற்றிய செய்திதான். 1784-ல் சார்லட் ஸ்மித் என்ற பெண், கணவர் கடனுக்காகச் சிறையில் இருக்க, காசு தேவைப்பட்டு, துயரச் சானட்கள் எழுதி வெளியிட்டார். அது நன்றாக விற்றது. வொர்ட்ஸ்வொர்த் அவரைப் படித்தவர். 1802-ல் தங்கை டோரதி மில்டனின் சானட்களை வாசித்துக் காட்ட, அன்று தொடங்கி வாழ்நாளில் 500-க்கு மேல் எழுதித் தள்ளினார். அதில் பாதி சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விக்டோரியா காலத்தில் எலிசபெத் பாரெட் பிரவுனிங் அதுவரை பெரும்பாலும் ஆண் பேசிய இடத்தில் ஒரு பெண்ணைப் பேச வைத்தார் (1850). மெரடித் 1862-ல் முறிந்துபோகிற கல்யாணத்தைப் பற்றி ஐம்பது எழுதினார், ஒவ்வொன்றும் 16 வரி. அதைச் சானட் என்று சொல்லலாமா என்று இன்றும் சண்டை. ஓவன் 1917-ல், மருத்துவமனையில் இருந்தபோது எழுதியதுதான் உங்களைக் கவிழ்த்தது. முதல் எட்டு வரி போர்க்களச் சத்தம், பின் ஆறு வரி ஊரில் இருக்கும் வீடுகளின் அமைதி. கடைசியில் அந்தியில் சன்னல் திரைகளை இறக்குகிறார்கள். காதலுக்குக் கட்டிய வீட்டில் சாவு குடியேறியிருக்கிறது.

இது தலையில் ஏறினால் சார்ட் தானாக ஏறும்.

ரயிலடி

ஒரு திருத்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் சானட்டே இல்லை என்று யாரும் தேர்வில் எழுதிவிடாதீர்கள். தாமஸ் கிரே நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட் இறந்தபோது 1742-ல் ஒன்று எழுதினார், அச்சானது 1775. அதைத்தான் வொர்ட்ஸ்வொர்த் 'லிரிக்கல் பேலட்ஸ்' 1800 பதிப்பின் முன்னுரையில் வரி வரியாகப் பிரித்துப் போட்டு, கவிதைக்கென்று தனி மொழி எதற்கு என்று விளாசினார்.

நூலகப்பூனை

சரியான திருத்தம். 'போப்பிடம் இல்லை' என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

அரைப்படி

நாவலை யாரும் தொடவில்லையே. வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் நாவலில் பதில் பெரும்பாலும் காசில் இருக்கும். நான் புத்தகக் கடைக்காரன், புத்தி அப்படித்தான் போகும்.

விக்டோரியா நாவல் ஏன் இவ்வளவு தடி? மூன்று பாகமாகப் போட்டு 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலை வைத்தார்கள். சாதாரண ஆள் வாங்க முடியாது. அதனால் மியூடி என்ற வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) கட்டி, ஒரு நேரத்தில் ஒரு பாகம் எடுத்துப் படித்தார்கள். மூன்று பாகம் என்றால் ஒரே நாவலை மூன்று வாசகர்கள் ஒரே சமயத்தில் வைத்திருக்கலாம், நூலகத்துக்குக் கொள்ளை லாபம். எழுதுகிறவர் கதை முடிந்தாலும் மூன்றாம் பாகத்தை நிரப்பியாக வேண்டும். 1894-ல் நூலகங்கள் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டதும் சில ஆண்டுகளில் நாவல் இளைத்துவிட்டது.

டிக்கன்ஸ் வேறு வழி. 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836 ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு பகுதி, ஒரு ஷில்லிங். முதல் சில மாதம் ஈ ஓட்டினார்கள். நான்காம் பகுதியில் சாம் வெல்லர் என்ற பூட்ஸ் துடைக்கிற ஆள் வந்தான், விற்பனை எகிறியது, முடியும்போது 40,000. கல்கி வாரா வாரம் எழுதியதைக் காத்திருந்து படித்த தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். 'தொடரும்' போடுகிற இடம் பார்த்து நிறுத்துவது, மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பேச்சு வழக்கோ சேஷ்டையோ கொடுப்பது, இதெல்லாம் அந்த ஏற்பாட்டில் பிறந்த சங்கதி. மொத்தமாகக் கட்டிய புத்தகத்தில் படித்துவிட்டு "டிக்கன்ஸ் சொன்னதையே சொல்கிறார்" என்று குறை சொல்வது நியாயமில்லை. ஒரு மாதம் விட்டுப் படித்துப் பாருங்கள்.

மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். ஈரடி வந்தால் போப் காலம் என்று எழுதிவிடலாமா? அது ஒன்றாவது நிச்சயமாக இருக்கிறதே.

நூலகப்பூனை

ஐயோ, மறுபடியும் வரியை எண்ணப் போகிறீர்கள்! சாசர் 1400-ல் இறந்தவர், 'கேன்டர்பரி டேல்ஸில்' பெரும்பகுதி அதே ஈரடி. கீட்ஸின் 'எண்டிமியன்' (1818) அதே ஈரடி. வித்தியாசம் காதில் இருக்கிறது. போப்பிடம் இரண்டாம் வரி முடிந்ததும் பொருளும் முடியும், கதவைச் சாத்துகிற மாதிரி டப்பென்று. வரிக்குள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் அதற்கு எதிரான ஒன்று என்று தராசு வைத்திருப்பார். கீட்ஸிடம் வாக்கியம் வரியைத் தாண்டி வழிந்துகொண்டே போகும், ஒலி ஒத்துவருவதே சில சமயம் காதில் விழாது. வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

தேர்வுப்புலி

நெட் தேர்வுக் கூடத்தில் வாய்விட்டுப் படித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் சார்.

மழைக்குருவி

நான்கு நாள் கழித்து வருகிறேன். நூலகப்பூனை ஐயா சொன்னபடி மில்டன் தன் கண் போனதைப் பற்றி எழுதிய சானட்டை எடுத்தேன். குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைத்தது. இத்தாலிய முறை, அதனால் எட்டு வரி முடிந்து ஒன்பதாம் வரியில் திருப்பம் வரும் என்று கைடு சொல்கிறது. எனக்கு அது எட்டாம் வரியின் நடுவிலேயே வருகிறது. ஏழாம் வரியில் "வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு கடவுள் பகல் கூலி வேலை கேட்பாரா?" என்று ஒரு கேள்வி. எட்டாம் வரி தொடக்கத்தில் 'ஃபாண்ட்லி' கேட்கிறேன் என்கிறார். உடனே அதே வரியில் 'பட் பேஷன்ஸ்' என்று பொறுமை பேச வந்துவிடுகிறது. மூன்று தடவை எண்ணினேன். நான் தப்பாக எண்ணுகிறேனா? இன்னொன்று, அன்பாகக் கேட்கிறேன் என்றால் இங்கே பொருந்தவில்லையே?

நூலகப்பூனை

சரியாக எண்ணியிருக்கிறீர்கள். திருப்பம் எட்டாம் வரியிலேயேதான். 'ஃபாண்ட்லி' அந்தக் காலத்தில் 'முட்டாள்தனமாக' என்ற பொருளில் வரும், அன்பு இல்லை. அந்த வரியின் கடைசிச் சொல் 'ப்ரிவென்ட்', அதுவும் இன்றைய பொருளில் 'தடுத்தல்' மட்டும் இல்லை, 'முந்திக்கொள்ளுதல்'. அவர் முணுமுணுப்பை முடிப்பதற்குள் பொறுமை முந்திக்கொண்டு குறுக்கே பேசுகிறது. ஒன்பதாம் வரி வரை அது காத்திருக்கவில்லை. பொறுமைக்கே பொறுமை இல்லை, பாருங்கள்.

1652-க்குள் அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. பிறகு 'பாரடைஸ் லாஸ்ட்' முழுவதையும் வாயால் சொல்லி, மற்றவர்கள் எழுதினார்கள். 1667-ல் பத்துப் பாகம், 1674 பதிப்பில் பன்னிரண்டு.

மழைக்குருவி

அப்படியானால் இதைப் பெயர் இல்லாமல் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அடுத்து 73-ஆவது படிக்கப்போகிறேன். விக்டோரியாவுக்கு 1832 என்றே எழுதிவிடுகிறேன், எங்கள் பாடத்தில் ஹட்சன்தான்.

தேர்வுப்புலி

அந்த எட்டாம் வரி எந்தத் தாளிலும் வராது சிஸ்டர். நானும் போய் எண்ணிப் பார்த்தேன். எட்டுதான்.